இரண்டாவது சாட்சி

ஆலன் என்கிற அமெரிக்க ஊரில் ஹாஜா நஜ்முதீனைப் பற்றி விசாரித்தால், "யாரு, பிறை பாயா?" என்றுதான் கேட்பார்கள். கூடவே ஒரு நமுட்டுச் சிரிப்பு. எல்லாம் பெருநாள் பிறை தேடிய ஒரு சாயங்காலம் நடந்த கூத்து. மேகத்துக்கு நடுவே பிறையைப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்கப் பள்ளிவாசலுக்கு ஓடினார். "கூட யாரு பார்த்தா?" என்றார் கமிட்டித் தலைவர். யாருமில்லை. "பெருநாள் பிறைக்கு ரெண்டு சாட்சி வேணும் பாய், இதுகூடத் தெரியாதா?" பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "கண்ணாடி பவரை செக் பண்ணுங்க பாய்" என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். மனுஷன் கூனிக் குறுகிப் போனார்.

ஆபீசிலும் அதே பிழைப்புதான். சாஃப்ட்வேர் டெஸ்டர். பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னால், "என் மெஷின்ல வரலையே" என்று புரோகிராம் எழுதினவன் கையை விரிப்பான். டெலிகாம் கம்பெனிகள் ஆளைக் கொத்துக் கொத்தாக வெளியே தள்ளிய 2002-ல் வேலை தப்பியதே பெரிய புண்ணியம் என்று வாயை மூடிக்கொண்டார். கீழக்கரையிலிருந்து இத்தனை தூரம் வந்தது, கண்ணால் பார்த்ததைச் சொல்லக்கூடத் திராணியில்லாமல் நிற்கவா?

மிச்சமிருந்தது வானம் ஒன்றுதான். விடிகாலை சுபுஹு தொழுகைக்கு முன்னாலேயே எழுந்து, பேக்யார்டில் பைனாகுலரோடு நின்று விருச்சிகத்தின் வாலை நோட்டம் விடுவார். பக்கத்து வீட்டுக்காரனைவிட அந்த நட்சத்திரங்கள் அவருக்குப் பழக்கம். இரண்டு வருஷம் கழித்து, ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை, முந்தின நாள் வரை இல்லாத ஒரு புள்ளி அங்கே நின்றது.

நோவா. கண்ணுக்கே தெரியாமல் கிடந்த நட்சத்திரம் திடீரென்று வெடித்துப் பிரகாசமாவது. முதலில் பார்த்து வானியல் சங்கத்துக்குச் சொல்கிறவர் பேர் உலகம் பூராவும் பதிவாகும். ஹாஜா உள்ளே ஓடி மனைவி நசீமாவை எழுப்பிக் கூட்டிவந்தார். அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

"இடது பக்கம் இருக்கிறதைவிட மங்கல். கீழ இருக்கிறதைவிட ஜாஸ்தி. ரெண்டுக்கும் நடுவுல இருக்கு மச்சான்" என்றாள். பிரகாசத்தை அப்படித்தான் கணக்குப் போடுவது. அவர் போட்ட கணக்கும் அதேதான். "உடனே மெயில் போடுங்க. என் பேரையும் சேர்த்துக்கங்க."

"உன் பேரா? பொண்டாட்டியை சாட்சிக்குக் கூட்டிட்டு வந்துட்டான்னு சிரிக்க மாட்டாங்களா? வீட்டு ஆளெல்லாம் கணக்குல வராது."

நசீமா பைனாகுலரை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. பக்கத்து ஊரான காப்பெல்லில் இருக்கும் நண்பன் தௌபீக்குக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தார். "வீக்டேல முடியாது பாய், சனிக்கிழமை ட்ரைவ் பண்ணி வர்றேன்" என்றான் அவன்.

மறுநாள் அந்தப் புள்ளி வெளிச்சத்தில் இடது பக்கத்து நட்சத்திரத்தை எட்டிப் பிடித்தது. அதற்கடுத்த நாள் தாண்டியது. வெள்ளிக்கிழமை பைனாகுலரே தேவைப்படவில்லை. ஹாஜா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். இன்னொரு தடவை தனியாளாகப் போய் நின்று அசிங்கப்பட அவரால் முடியாது.

சனிக்கிழமை தௌபீக் கொட்டாவி விட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்தான். "எது பாய்? எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. சரி சரி, நானும் பார்த்தேன்னு போட்டுக்கங்க."

சாட்சி கிடைத்துவிட்டது. ஹாஜா இரண்டு பேர் பெயரையும் போட்டு வானியல் சங்கத்துக்கு மெயில் அனுப்பினார். மத்தியானமே பதில் வந்தது. புதன்கிழமையே வேறு நாட்டிலிருந்து ஒருவர் தெரிவித்துவிட்டாராம். அவரும் தனியாகத்தான் பார்த்தாராம். "சாட்சி எதற்கு? ஒருவர் சொன்னால் போதும், நாங்களே வானத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வோம். அடுத்த முறை தாமதிக்காதீர்கள்" என்று மரியாதையாகவே எழுதியிருந்தார்கள்.

அதை அவர் நசீமாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். பாவி மனுஷன், ஆறுதலாக ஒரு வார்த்தையை எதிர்பார்த்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த துணியை எடுத்தாள்.

ஏப்ரலில் ஒருநாள் விடியக்காலை, அந்த நட்சத்திரம் ஒரே ராத்திரியில் சடாரென்று மங்கிக் கிடந்தது. தான் பார்ப்பது நிஜம்தானா என்று ஹாஜாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே ஓடி, "நசீமா, கொஞ்சம் வந்து பாரேன்" என்று அவள் தோளைத் தொட்டார்.

அவள் போர்வையை விலக்கவில்லை.

"தௌபீக் அண்ணனுக்கு ஃபோன் போடுங்க" என்றாள்.