மேம்பாலத்துக்குப் போன இன்சுலின்

புயல் வருகிறது என்று செய்தியில் சொல்லிவிட்டால் போதும், எங்கள் பக்கத்து மேம்பாலத்தில் கார்கள் ஏறிவிடும். கைப்பிடிச் சுவரை ஒட்டி, வாலும் தலையுமாக, மழையில் நிற்கும் எருமைகளைப் போல வரிசையாக நிற்கும். திருவேற்காட்டில் வீடு வாங்கிய எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு பண்டிகை மாதிரி ஆகிவிட்டது. அந்த வரிசையில் அடித்துப் பிடித்து ஓர் இடம் வாங்கி, வண்டியைப் பூட்டிவிட்டு, போரில் வென்றவனைப் போல நான் பாலத்திலிருந்து நடந்து இறங்கிய அந்தக் காலை நேரம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. காரைக் காப்பாற்றியாகிவிட்டது. வீட்டில் மாமியார் மட்டும்தான் பாக்கி.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். நான்கு தூறல் விழுந்தால் வாசலுக்கு ஓடிவந்து வானத்தைக் கும்பிடுகிற ஊர். மழைக்குப் பயப்படக் கற்றுக்கொடுத்ததே சென்னைதான், அதுவும் நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறது. என் பயத்துக்கு ஒரு குணம் உண்டு. அது மூலையில் உட்கார்ந்து நடுங்காது. சுறுசுறுப்பாக வேலை செய்யும். அலுவலகப் பயிற்சிக்காகக் கோவைக்குப் போயிருந்த மனைவி, "எதை மறந்தாலும் அம்மாவோட இன்சுலினை மறந்துடாதீங்க" என்று தொலைபேசியில் சொன்னாள். ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ செய்தி போட்டார். உடனே என் பயம் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டது. பத்திரங்கள், பட்டுப்புடவைகள், மிக்சி, கல்யாண ஆல்பம் எல்லாம் காருக்குள் போயின. எல்லாவற்றுக்கும் முன்னால், மனைவி சொல்லைத் தட்டாத கணவனாக, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் கட்டி வைத்து அத்தையின் இன்சுலினை ஏற்றினேன்.

திட்டம் என்னவோ அருமையான திட்டம்தான். பாலத்தில் இடம் நிறைவதற்குள் காரைக் கொண்டுபோய் நிறுத்துவது. திரும்பி வந்து அத்தையை ஆட்டோவில் ஏற்றிப் பாலத்துக்குக் கூட்டிப்போவது. அங்கிருந்து கள்ளிக்குப்பத்தில் அவர் தம்பி வீட்டுக்கு ஓட்டிப்போவது. நான் நடந்து வீடு சேர்வதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. அத்தை புடவை மாற்றிக்கொண்டு கிளம்புவதற்குள் இடுப்புக்கு வந்தது. ஆட்டோவும் இல்லை, தெருவும் இல்லை. முதல் மாடியில் இருந்ததால் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. படிக்கட்டில் பாதி வரை ஏறி நின்று எங்களைப் பார்த்தது, அவ்வளவுதான். கீழ்வீட்டுக்காரர்கள் முந்தின நாளே ஊருக்குப் போயிருந்தார்கள். மின்சாரமும் போயிற்று, கைப்பேசியில் சிக்னலும் போயிற்று. தெருமுனை மருந்துக்கடையின் ஷட்டர் பாதிக்கு மேல் தண்ணீரில் நின்றது.

அத்தை கள்ளிக்குப்பத்திலேயே பிறந்து வளர்ந்த சென்னைக்காரர். பேச்சில் யாருக்கும் பாக்கி வைக்க மாட்டார். ஆனால் மாப்பிள்ளை என்றால் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. நான் கூடத்தில் இருந்தால் நாற்காலியில் உட்கார மாட்டார்; முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில் நின்றபடியே பேசுவார். என் தட்டில் சோறு போடும்போதுகூடக் கரண்டிக்கும் எனக்கும் ஒரு முழம் தூரம் இருக்கும். அந்த ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் என்னைக் கிழிகிழியென்று கிழிப்பார். மரியாதைக்கு மரியாதை, கிண்டலுக்குக் கிண்டல்.

இன்சுலின் காரில் இருக்கிறது என்பதை நான் மென்று விழுங்கிச் சொன்னபோது அவர் பதறவில்லை. "இன்னா மாப்ளே, காரு சௌக்கியமா கீதா? அதுக்குச் சக்கர ஏறாம பாத்துக்குங்க" என்றார். ஒரு வேளை ஊசி போடாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று என்னையே சமாதானப்படுத்தினார். நான் கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தேன். கைப்பேசியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினேன். போகிற படகுக்குக் கையசைத்தேன். அது படகு இல்லை, யார் வீட்டுக் கதவோ மிதந்து போனது. "டாட்டா காட்டுறீங்களா மாப்ளே? அதுவும் பதிலுக்குக் காட்டிச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

மறுநாள் காலையில் அவர் கேலி செய்யவில்லை. திரும்பத் திரும்பத் தண்ணீர் கேட்டார், குடித்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார், வந்து படுத்தார். நான் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தேன். அத்தை அதைக் கவனிக்கவேயில்லை. வானிலை ஆய்வு மையம் எத்தனை நிறத்தில் எச்சரித்தாலும் வராத பயம் அப்போதுதான் எனக்கு வந்தது. அதுவரை நான் பட்டது வெறும் பதற்றம். இது வேறு. இதற்கு வேட்டியை மடித்துக் கட்டத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் தெருவில் ஒரு குரல் கேட்டது. எங்களுக்குத் தண்ணீர் கேன் போடுகிற அண்ணாத்தே, மார்பளவு தண்ணீரில், கேன்களைக் கயிற்றில் கோத்து எருமை மந்தையைப் போல இழுத்துக்கொண்டு வந்தார். பால்கனியிலிருந்து நான் விஷயத்தைக் கத்திச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தி என்னை நன்றாக ஒரு தடவை பார்த்தார்.

"இன்னா சார் நீ! கார மேல ஏத்திட்டு மாமியார கீய வுட்டு வெச்சுகீற?"

"கிண்டல் பண்ணுங்க அண்ணாத்தே, பண்ணிக்கிட்டே பாலம் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க."

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"எனுக்கும் தெரியாது. வா, போலாம்."

காலி கேன்களை இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு நாங்கள் போனோம். வழி அவருக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன், எனக்குத் தெரியும் என்று அவர் நினைத்தார். இருவரும் சேர்ந்து ஒரு கால்வாய்க்குள் இறங்கிக் கழுத்து வரை போய், கேன்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே கரையேறினோம். பாலத்தில் என் கார் ஒரு துளி சேறு படாமல் ஜம்மென்று நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் டயரை ஓர் உதை விட்டேன். அங்கே சிக்னல் கிடைத்தது. மனைவி முதலில் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு மருத்துவரிடம் கேட்டு மறுபடி அழைத்தாள். சர்க்கரையைப் பார்த்துவிட்டு வழக்கமான அளவையே போட வேண்டும். வாந்தியோ மயக்கமோ வந்தால் எப்படியாவது மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாராம்.

பெட்டியில் ஐஸ் கரைந்திருந்தாலும் தண்ணீர் சில்லென்று இருந்தது. பேனா மாதிரி இருக்கும் அந்த இன்சுலின் ஊசியைத் தனிப் பையில் போட்டு மூடி, பெட்டியை மஞ்சள் துண்டில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அம்மன் ஊரான திருவேற்காட்டில் மஞ்சள் துணியும் தலைச்சுமையும் தண்ணீரில் தள்ளாட்டமுமாக ஒருவன் வந்தால் ஊர் என்ன நினைக்கும்? ஒரு மாடியில் நின்ற பெண்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணாத்தே திரும்பிப் பார்த்து, "நிக்காத சார், வேப்பில கேட்டுடப் போறாங்க" என்றார். நான் சிரித்தேன். சிரித்தபடியே, அத்தை கண் திறந்திருக்க வேண்டும் என்று, துண்டுக்கு உரிய அம்மனிடமே வேண்டிக்கொண்டேன்.

கண் திறந்துதான் இருந்தார். நான் உள்ளே வந்ததும் அந்த நிலையிலும் எழுந்து உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். வாந்தி இல்லை. வீட்டிலிருந்த கருவியில் சோதித்தபோது சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. பேனாவை வாங்கினார். மருந்தளவை வைக்க அதன் முனையைத் திருகும்போது நழுவிக் கீழே விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி நழுவியது. வழக்கமாக வயிற்றில் போட்டுக்கொள்வார், அதுவும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. அக்கம்பக்கத்துப் பெண்கள் யாரையும் கூப்பிட முடியாது, நடுவில் தண்ணீர். அண்ணாத்தே ஊசி என்றதுமே படிக்கட்டுக்கு இறங்கிவிட்டார். மிச்சம் நான்தான். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் சுவரைப் பார்த்து உட்காருகிற நான்.

"வாணாம் மாப்ளே. மாப்ள கையால ஊசி குத்திக்கினேன்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும்."

"ஊரே முழுகிக் கிடக்கு அத்தை. சிரிக்க எவன் இருக்கான்?"

முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய், கதவை ஒருக்களித்துச் சாத்தினார். கதவிடுக்கு வழியாக ஒரு கை மட்டும் வெளியே வந்தது. முழங்கைக்கு மேல் வரை, வளையல் மேலேறி இறுகிய, சுருக்கம் விழுந்த கை. வருடக்கணக்காக எனக்குச் சோறு போட்ட கை அது. அதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. அளவைத் திருகினேன், உரக்கப் படித்துக் காட்டினேன், அவர் சரியென்றார். பழக்கத்தில் சுவரைப் பார்க்கத் திரும்பிய முகத்தைக் கைப் பக்கம் இழுத்துக்கொண்டு ஊசியைப் பிடித்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது, மெலிந்து போயிருந்தாலும் பழைய குரல்:

"குத்துங்க மாப்ளே. மாமியாரக் குத்த சான்ஸ் கெடச்சா எந்த மாப்ள வுடுவான்?"

குத்தினேன். மருந்து இறங்கும் வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் பிடிமானம் தேவைப்பட்டது.

அன்று சாயங்காலம் வாக்கில் தாகம் அடங்கியது. என் சட்டையின் உள்பக்கம் வெளியே இருப்பதையும் கண்டுபிடித்துவிட்டார். தண்ணீர் வடிந்து, படிக்கட்டுச் சேற்றை வழித்துக் கொட்டி, மனைவி வந்து சேர்ந்து, வீடு மறுபடி வீடான பிறகு ஒருநாள் அவள் பேனாவை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குள் போனாள். உள்ளேயிருந்து அத்தை சொன்னது எனக்குக் கேட்டது. "உனுக்குக் கை வேகம்டி. மாப்ளய கூப்டு."

அதற்குப் பிறகு அது என் வேலையாகிவிட்டது. மாதங்கள் போகப் போகக் கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது, பிறகு முழுதாகத் திறந்தது. கடைசியில், தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில், கூடத்துச் சோபாவில் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, தொலைக்காட்சித் தொடரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கையை என் பக்கம் நீட்டுவார். "கைய கய்வினீங்களா?" என்று மட்டும் கேட்பார். அந்த ஒரு முழம் எப்போது காணாமல் போனது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

இப்போது அத்தை இல்லை. புயலில் போகவில்லை, நல்ல வெயில் நாளில், தூக்கத்தில் போனார். இந்த வருடமும் எச்சரிக்கை வந்தது, மழை வந்தது, எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. விளக்கு வைக்கிற நேரத்தில் மின்சாரம் போயிற்று. மெழுகுவர்த்தியோடு வந்த மனைவி, கை கழுவும் தொட்டியின் முன்னால் கையில் சோப்பு நுரையோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

"யாரைக் குத்தப் போறீங்க?" என்றாள்.

நான் கையைக் கழுவி முடித்தேன். அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.