அண்ணனும் அண்ணியும் சேர்ந்து சாப்பிட்ட காலம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அழுகையைவிடச் சிரிப்புதான் எனக்கு முந்திக்கொண்டு வருகிறது.

அண்ணன் பிறந்தது அனகாபுத்தூரில். அப்பா சீக்கிரம் காலமாகிவிட்டதால் படிப்பைப் பாதியில் விட்டு லாரி கிளீனராகப் போனார். பிறகு அரசுப் பேருந்தில் ஓட்டுநரானார். என்னைப் படிக்க வைத்ததும், சேலையூரில் வீடு கட்டியதும் ஸ்டீயரிங் பிடித்த அந்தக் கைகள்தான். தாம்பரத்திலும் கோவளத்திலும் டிரிப்புக்கு நடுவே கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் டிபன் பாக்ஸைக் காலி செய்து பழகியவர், வீட்டிலும் அப்படியேதான். அண்ணி அடுத்த தோசையைத் திருப்புவதற்குள் கை கழுவிவிடுவார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "வயிறு ரொம்பிச்சி, அவ்ளோதான்" என்பார்.

ஓய்வு பெற்றபின் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்ல மீண்டன, விழுங்குவதில்தான் சிக்கல். மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுத்தார்கள். குழாயை எடுத்த அன்று, விழுங்கும் பயிற்சி கொடுத்த பெண், "ஐயா, ஒரு வாய் முழுங்கின பிறகுதான் அடுத்த வாய்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அண்ணன் தலையாட்டினார். மறுநாளே பழைய வேகத்தில் இட்லியை உள்ளே தள்ளினார். புரையேறி, மூச்சு முட்டி, மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி குழாய். இன்னொரு தடவை இப்படி ஆனால் பிழைப்பது கஷ்டம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அடுத்து வீடு திரும்பியபோது அண்ணி ஒரு முடிவோடு இருந்தார். ஆளுக்கொரு தட்டு வைத்து அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான் ஒரு வாய் சாப்பிடுவேன், அப்புறம் நீங்க ஒரு வாய். நான் முழுங்கற வரைக்கும் நீங்க கை வெக்கக் கூடாது."

"இன்னாடி இது, சின்னப் புள்ள மாதிரி?"

"சிக்னல் விழுந்தா பஸ்ஸை நிறுத்த மாட்டீங்க? அதே மாதிரிதான்."

அண்ணன் சில நாள் கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டார். அண்ணி அசரவில்லை. தட்டைத் திரும்ப அவர் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

ஒரு மத்தியானம் நானும் அங்கிருந்தேன். குழைந்த சாம்பார் சாதத்தை வாயில் வைத்தவர் அப்படியே அசையாமல் இருந்துவிட்டார். எங்களுக்கு உயிரே போய்விட்டது. நிதானமாக விழுங்கிவிட்டு, "சாம்பார்ல வெந்தயம் போட்டுக்கீறியா?" என்று கேட்டார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து போடறேன்" என்றார் அண்ணி.

"நல்லா கீதுடி."

அண்ணி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கண் கலங்கியதை நான் மட்டும்தான் பார்த்தேன். அண்ணனின் வேகத்துக்கு அண்ணியால் எந்நாளும் பரிமாறத்தான் முடிந்தது. அந்த வயதில்தான் இருவரும் சேர்ந்து சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

அதன்பிறகு அண்ணன் ருசி பார்த்துச் சாப்பிடும் மனிதரானார். மகள் கல்யாணத்தில் வரிசையே காலியான பின்பும் அவரும் அண்ணியும் இலை முன்னால் இருந்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடித்து நின்றவர் பொறுமையிழந்து, "சார், முடிஞ்சிதா?" என்றார். அண்ணன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத்தான் திரும்பினார். "இன்னும் பாயசம் கீது சார். பொண்ணோட அப்பன் நானு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க." அடுத்த பந்திக்குக் காத்து நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசி நாளன்றும் காலையில் அண்ணியோடு உட்கார்ந்து ஆற அமரப் பொங்கல் சாப்பிட்டார். மத்தியானத் தூக்கத்தில் அமைதியாகப் போய்விட்டார்.

அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், வாரம் தவறாமல் வந்து பார்த்த டிப்போ நண்பர்களுக்கும், திட்டித் திட்டியே விழுங்கக் கற்றுக்கொடுத்த அந்தப் பெண்ணுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. காரியம் முடிந்த அன்று, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத்தான் சாப்பிடுவார் என்று நினைத்திருந்தோம். அவரோ முதல் பந்தியிலேயே வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு இலை போடும்மா" என்றார் என்னிடம். "மெதுவாத்தான் சாப்பிடுவேன்."