கோகிலவாணி தாண்டிய ஒன்பது பக்கங்கள்

மலைப் பாதை வளைவுகளில் பஸ் திரும்பும்போது மற்றவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார்கள். கோகிலவாணி பக்கம் புரட்டிக்கொண்டிருப்பாள். மாசி மாதம் வேலூருக்குப் போய் நான்கு நாவல்கள் வாங்கி வந்தாள். ஜமுனாமரத்தூரில் இறங்குவதற்குள் ஒன்றில் முப்பது பக்கம் முடிந்திருந்தது.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பத்தாவது வரை படித்தவள். கணவர் சந்திரனுக்கு மூன்று ஏக்கர் சாமைக் காடும் ஏழு புளிய மரங்களும் உண்டு. மூன்று வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு நான் ஊர் திரும்பியபோது, என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "ரயில்ல இன்னா படிச்ச?" என்பதுதான். போனைப் பார்த்துக்கொண்டே வந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

புளிக் காலத்தில் அவள் வீட்டு வாசலில் பெண்கள் கூடுவார்கள். கொட்டை தட்டும் சத்தத்தில் கதை கேட்காது என்பதால் அதைச் சாயங்காலத்துக்கு ஒதுக்கிவிட்டு, பகலில் ஓடு உடைத்து நார் மட்டும் உரிப்பார்கள். கோகிலவாணி நாவலை வாய்விட்டுப் படிப்பாள், அவள் பங்குப் புளியை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரு கட்டுப்பாடு உண்டு. பஸ்ஸில் படிப்பது போகட்டும், வீட்டில் அவள் மட்டும் தனியாக முன்கூட்டியே படித்துவிடக் கூடாது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் கதை தெரிய வேண்டும்.

பஸ்ஸில் ஆரம்பித்த நீல அட்டை நாவலைத்தான் அந்த வாரம் முதல் பக்கத்திலிருந்து படித்தாள். கடலோரக் குடும்பத்தின் கதை.

"அந்த அலை ராத்திரில நிக்காதா?" என்று, நார் உரித்துக்கொண்டிருந்த ரேணுகாதேவி கடலைப் பார்த்து வந்த என்னைக் கேட்டாள்.

"நிக்காது அக்கா."

"அப்போ அவங்கெல்லாம் எப்படித்தான் தூங்குறாங்களோ!"

வெள்ளிக்கிழமை கோகிலவாணி ஒரு அத்தியாயத்தைச் சீக்கிரமே முடித்து, புத்தகத்தை மூடினாள். கெங்கம்மாள் தன் முன்னால் இருந்த புளிக் கூடையைப் பார்த்தாள்.

"இன்னா வாணி, முடிஞ்சிப்போச்சா?"

"ஆமாங்க அக்கா."

"தெனம் ஒரு அத்தியாயத்துக்கு ரெண்டு கூட ஆவும். இன்னிக்கி அரக் கூடகூட ஆவல."

"சின்ன அத்தியாயம்க்கா."

"கூட பெருத்துப்போச்சோ இன்னாவோ," என்று ரேணுகாதேவி சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"எத்தினி பக்கம் தாண்டின?" என்றாள் கெங்கம்மாள்.

கோகிலவாணி தலை குனிந்தாள். முந்தின நாள் பொறுக்க முடியாமல் அவள் தனியாகப் படித்துவிட்டாள். கதையில் மூத்த மகன் படகில் போய்த் திரும்புவதில்லை. கெங்கம்மாளின் மகன் அர்ச்சுனன் இரண்டு வருடத்துக்கு முன் மலைப் பாதையில் வண்டியோடு விழுந்து இறந்தவன்.

"ஒம்போது," என்றாள் மெதுவாக.

"அந்தப் பையன் செத்துட்டானா?"

கோகிலவாணி நீல அட்டையை விரலால் தடவினாள்.

"என் புள்ள செத்தத யாராவது எங்கிட்ட சொன்னாங்களா? காலு ஒடஞ்சிருக்குது, காலு ஒடஞ்சிருக்குதுன்னே பஸ்ல கூட்டினு போனீங்க. வழியெல்லாம் அவனுக்குக் கஞ்சி எப்படி ஊட்டறதுன்னு நெனச்சிக்கினே போனேன். நீயும் பக்கத்துலதான குந்தியிருந்த?"

"ஆமாங்க்கா."

"இப்பவும் அதையே செய்யுற. படி."

கோகிலவாணி ஒன்பது பக்கத்தையும் படித்தாள். இரண்டு இடத்தில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். கெங்கம்மாளின் விரல்கள் நார் உரிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"ஒடம்பு கெடச்சுதா?"

"இல்லக்கா. கடைசி வரைக்கும் கெடைக்கல."

"எனக்காவது கெடச்சுது," என்றாள் கெங்கம்மாள். "பாவம், அந்தப் பொம்பள."

பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"புத்தகத்தக் குடு. இனிமே எங்க வூட்ல இருக்கட்டும். எனக்குப் படிக்கத் தெரியாது, கத பத்திரமா இருக்கும். மீதி மூணு எங்க?"

"அக்கா, அதெல்லாம் இன்னும் பிரிக்கவே இல்ல."

"அதான் கேக்குறேன்."

கோகிலவாணி உள்ளே போனாள். வெளியே வர நேரமானது. மூன்று நாவல்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். கடைசிப் புத்தகத்தை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

"எலி கடிக்காமப் பாத்துக்கோங்க்கா."

"எலியப் பாத்துக்குவேன். உன்னத்தான் பாத்துக்க முடியல," என்று சொல்லிவிட்டுக் கெங்கம்மாள் நான்கு நாவல்களோடு நடந்தாள்.