கட்டி நின்ற கைகள்

மாடி வீட்டில் யாரோ பார்லி வறுக்கிறார்கள். கருகுவதற்குச் சற்று முந்தைய அந்த வாசனை படியிறங்கி, குன்றத்தூரில் என் சமையலறைக்குள் நுழைகிறது. ஜன்னலைச் சாத்துகிறேன். சாத்தி என்ன? வந்தது வந்துவிட்டது. வந்து, என்னை ஒரகடத்துத் தொழிற்சாலையின் கூட்ட அறையில் மறுபடி உட்கார வைத்துவிட்டது. நீள மேசை. குளிரூட்டியின் முனகல். கொரிய மேலாளர் முன்னால் ஆவி பறக்கும் வறுத்த பார்லித் தண்ணீர். எதிரே, கைகளை மார்போடு இறுகக் கட்டிக்கொண்டு நிற்கும் அவன்.

அங்கே நான் மொழிபெயர்ப்பாளர். காருக்குள் பொருத்தும் பிளாஸ்டிக் பலகைகள் செய்கிற கம்பெனி அது. சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு கிறுக்கு நம்பிக்கை இருந்தது. முதல்நாள் நான் நீட்டிய காகிதத்தை மேலாளர் வலது கையால் வாங்கினார். இடது கை அந்தக் கையை அடியில் தாங்கிக்கொண்டது. கோயிலில் நாம் திருநீறு வாங்குகிற அதே பாங்கு. அட, என்றது மனசு. நாக்குகள்தாம் வெவ்வேறு தேசம், உடம்புகள் எல்லாம் ஒரே தெரு என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சந்தோஷமாக பஸ் ஏறியிருக்கிறேன்!

அவன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், முப்பதைத் தாண்டியவன். லைனில் கடைசி ஆள். பலகையின் பின்புறம் கிளிப்புகள் எல்லாம் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்துப் பெட்டியில் அடுக்குவது அவன் வேலை. ஒப்பந்தத்தில் இருந்தவனை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு. அதை நம்பி சேரப்பணஞ்சேரியில் வீடு பிடித்து, மனைவியையும் மகளையும் ஊரிலிருந்து கூட்டி வந்திருந்தான். மகளைப் பள்ளியிலும் சேர்த்தாயிற்று.

கிளிப் இல்லாத பலகைகள் ஒரு லோடு திரும்பி வந்தது. விசாரணை என்றார்கள். அன்று காலை கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தான். இட்லியைப் பிய்த்தானே தவிர வாயில் வைக்கவில்லை.

"லாரி நிக்கி, பாக்காத, ஏத்துன்னு வெரட்டுனதே சூப்பர்வைசர் அண்ணன்தாம்க்கா. லைனே கேட்டுச்சு."

"அதை அப்படியே சொல்லிடு."

"அது எப்படிக்கா? அண்ணனும் புள்ளகுட்டிக்காரருலா. தப்பு நடந்துட்டு, இனிமே பாத்துக்கிடுதேன்னு சொல்லிருதேன். விட்ருவாவ."

அதைத்தான் சொன்னான். தலை கவிழ்ந்து, கைகளைக் கட்டி, உதட்டோரம் கூச்சத்தில் ஒரு சிரிப்போடு. திட்டு வாங்கும்போது நமக்கெல்லாம் வந்து தொலைகிற அசட்டுச் சிரிப்பு. சொன்னதைக் கொரிய மொழியில் நான் சொன்னேன். மேலாளரின் காது என் பக்கம் இருந்தது. கண் அந்தக் கைகளை விட்டு நகரவில்லை. அவர்கள் ஊரில் பெரியவர் முன் கைகட்டி நிற்பது முகத்தில் துப்புவதற்குச் சமம். பணிந்து நிற்பவன் கைகளை அடிவயிற்றருகே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொள்வான்.

"இவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறானா?" என்றார்.

மொழிபெயர்க்க வேண்டியதை விட்டுவிட்டு நான் பேசினேன். எங்கள் ஊரில் ஒன்றாம் வகுப்பிலேயே முதலில் சொல்லிக்கொடுப்பது கையைக் கட்டு என்பதைத்தான். சாமி முன்னும் முதலாளி முன்னும் நாங்கள் நிற்பது இப்படித்தான். இவனுக்குத் தெரிந்த மரியாதை முழுவதும் இந்த இரண்டு கைகளில் இருக்கிறது.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. யோசித்தார். பிறகு பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்து, "அப்படியா?" என்றார். கைகட்டி நிற்பது இங்கே மரியாதைதானா என்று கேட்கிறார் என்று தமிழில் சொன்னேன்.

சூப்பர்வைசர் கீழுதட்டைப் பிதுக்கினார். தோளை லேசாகத் தூக்கி இறக்கினார். அவ்வளவுதான்.

அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மேலாளருக்கு உடனே புரிந்தது. நான் இன்னும் பேசிக்கொண்டே இருந்தேன், நனைந்த தீக்குச்சியை உரசுகிறவள் போல. "நீங்கள் இரக்கப்பட்டுப் பேசுகிறீர்கள்" என்றார் என்னிடம், மெதுவாக. அவன் வேலை அந்த மென்மையில் போயிற்று.

வெளியே தாழ்வாரத்தில் சூப்பர்வைசரை மறித்தேன். "நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியாம இன்னா மேடம்? நானும் கை கட்டிகினு படிச்சவன்தான்." குரல் தாழ்ந்தது. "அவன் போவலன்னா நான் போவணும். எனக்கும் வூடு கீது."

சொல்லச் சொல்ல அவர் கைகள் தாமாகவே மார்பில் ஏறிக் கட்டிக்கொண்டன. என் முன்னால். புரியாமையால்தான் மனிதர்கள் மனிதர்களைக் கைவிடுகிறார்கள் என்று நம்பி, அந்த நம்பிக்கையில் ஒரு மொழியையே கற்றவள் நான். கற்றதை இறக்கி வைக்க இடமில்லை. இன்றும் அதைத் தூக்கிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். யாராவது உதட்டைப் பிதுக்கினால் மொழிபெயர்க்க வேண்டிய வாக்கியத்தைத் தவறவிடுகிறேன்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போனேன். நடைமேடையில் அடுப்பு, வாளி, சுருட்டிய பாய். மூட்டைமேல் மகள், பள்ளிச் சீருடையில். புதுசு, கழற்றமாட்டேன் என்று அடம் பிடித்தாளாம். அவன் மனைவி என்னைப் பார்த்தாள், தலையசைக்கவில்லை.

"அன்னைக்கு அப்படி என்னதாம்க்கா செஞ்சேன்?" என்றான். சொன்னேன். அவன் கட்டிய கையையும், சூப்பர்வைசர் தெரிந்தே பிதுக்கிய உதட்டையும். கொரியர்கள் நிற்பது போல நின்றும் காட்டினேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு அவனும் நின்று பார்த்தான், அடிவயிற்றின்மேல் கைமேல் கை.

"ஆத்தாடி, பொணத்துக்குக் கைய எடுத்து வச்சாப்லலா இருக்கு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரயில் வந்து நின்றது. அடுப்பை ஏற்றினான், பாயை ஏற்றினான், மகளைத் தூக்கி ஏற்றினான். கடைசியாகத் தானும் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"அவுகளுக்கு அப்படி, சரி. நம்மாளுவ முன்னால கைய எங்க வைக்கணும்க்கா?"