அம்மாவின் வலது கை

ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டினால் நம் வீடு அப்படியே தெரியும். கூடவே வீட்டில் இல்லாத பொருள்களும் தெரியும். அவை எங்கே இருக்க வேண்டும், தொட்டால் என்ன ஆக வேண்டும் என்று வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. பெங்களூர் கம்பெனிக்காகக் காரிமங்கலத்தில் வீட்டிலிருந்தே செய்கிறேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை மடியிலேயே கிடந்தது. தருமபுரியில் பார்த்த பிசியோ டாக்டர், "கைக்கு உசுரு இருக்குதுங்க. அவங்கதான் தூக்க மாட்டேங்கறாங்க. இப்படியே விட்டா மடங்கிப் போயிரும்" என்றார்.

அந்தக் கையைத் தூக்க வைக்க, ஹெட்செட்டில் தெரியும் கூடத்து அலமாரியில் அவளுக்கு எட்டும் உயரத்தில் பொய்க் கிளிகளை உட்கார வைத்தேன். தொட்டால் பறக்கும். அம்மா அத்தனையையும் இடது கையாலேயே விரட்டிவிட்டாள். இடது கை பட்டால் பறக்காதபடி மாற்றினேன்.

"உன் கிளிக்கு ரொம்பத்தான் கொழுப்பு. போயி சோறாக்கு" என்று ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டாள். அன்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை அதே அக்கா மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்து அம்மாவிடம் குங்குமத்தை நீட்டினார். பழக்கத்தில் இடது கை பாதி தூரம் போய்ச் சட்டென்று பின்வாங்கியது. வலது கை மடியை விட்டு லேசாக எழும்பி, விழுந்தது. அம்மன் குங்குமத்தை இடது கையால் தொட அவளுக்கு மனசு வராது. இது தெரியாமல் கிளியைக் கட்டிக்கொண்டு அழுதேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கிளிகளை அழித்துவிட்டுக் குங்குமத் தட்டு ஒன்றைச் செய்தேன். முதலில் மடியோரம் மிதக்கவிட்டேன்; பிறகு நாளுக்குக் கொஞ்சமாக உயர்த்தினேன்.

"திருட்டுக் கழுதை, தட்டை மேல ஏத்திக்கிட்டே போறா" என்பாள் அம்மா. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையால்தான் தொடுவாள். அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு ஆசை வந்தது.

ஒரு நாள் தட்டு அவள் மார் உயரத்துக்கு வந்திருந்தது. குங்குமத்தைத் தொட்டவள் கையை இறக்கவில்லை. நடுங்க நடுங்க என் நெற்றிப் பக்கம் கொண்டுவந்தாள். ஹெட்செட் இல்லாத என் கண்ணுக்கு வெறும் விரல்தான் தெரிந்தது.

"குனி புள்ள, எட்ட மாட்டேங்குது."

குனிந்தேன். பக்கவாதம் வந்த பிறகு அந்தக் கை என்னைத் தொட்டது அன்றைக்குத்தான்.