ஒட்டுப் பிடிக்கும் வரை

என் அம்மா சைக்கிளில் வேலைக்குப் போவது பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அப்பாவின் அண்ணன் அவர். வாசலில் வெள்ளைக் கார் நிற்கும் குடும்பத்து மருமகள், ஹேண்டில்பாரில் டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு ஊர்த் தெருவில் மிதித்துப் போனால் அவர் கௌரவம் என்னாவது? கார் அவருடையது, சைக்கிள் எங்களுடையது என்ற சின்ன வித்தியாசம் மட்டும் அவர் மனதில் ஏறவே இல்லை.

அன்னூர் சாலையில் இருந்த மோட்டார் கம்பெனியில் அம்மாவுக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலை. காலை ஷிப்டுக்கு முன்னால் எங்கள் ஊருக்கு டவுன் பஸ் கிடையாது. சைக்கிள் ஓடாவிட்டால் வேலை போய்விடும், அவ்வளவுதான் விஷயம். அதனால் ஞாயிறுதோறும் அந்தச் சைக்கிளுக்கு நடந்த உபசாரம் எனக்குக்கூட நடந்ததில்லை. பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, காற்றும் அடித்துவிடுவாள். எனக்கு எண்ணெய்க் குளியல் தீபாவளிக்குத்தான்.

எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் ஒரே வாசல். அவர் வாசலுக்கு வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுவாள், பாதிப் பின்னலோடு நானும் எழுவேன். எழுந்திரு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் பின் டயரில் முள் ஏறிவிட்டது. மறுநாள் காலையில் அம்மா ஊர் முக்கிலிருந்த சைக்கிள் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன்.

“சொலூசன் தீந்து போச்சுங்க அம்மணி” என்றார் கடைக்காரர். அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே, பஞ்சர் ஒட்டும் சொலூசன் டப்பா மூடி திறந்து கிடந்தது. அம்மா அதைப் பார்த்தாள். கடைக்காரரும் பார்த்தார்.

“எம்மேல வருத்தப்படாதீங்க. பெரியவரு சொல்லிப்போட்டாருங்க” என்றார் தணிந்த குரலில்.

அம்மா சைக்கிளை வீட்டுச் சுவரில் சாத்திவிட்டு, பஸ் ஏறி அன்னூருக்குப் போய், சொலூசன், ஒட்டு ரப்பர், டயர் கழற்றும் கம்பி, ஸ்பானர் எல்லாம் வாங்கி வந்தாள். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் நல்ல வேப்பமர நிழல் இருந்தது. அங்கே போகாமல், நடுவாசலில் வெயிலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அப்பா பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அன்று வரி விளம்பரங்களைக்கூட அவர் விட்டிருக்க மாட்டார்.

டியூபை உருவி, சோறாக்கும் பெரிய போசியில் தண்ணீர் நிரப்பி முக்கினாள். குமிழி வந்த இடத்தைத் துடைத்து, உரசி, சொலூசன் தடவிக் காயவிட்டாள். டயருக்குள் துழாவி முள்ளைக் கண்டுபிடித்தது நான். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். அம்மா ஒட்டை வைத்து, இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்திப் பிடித்தாள்.

அப்போதுதான் பெரியப்பா வெளியே வந்தார். நான் எழுந்து நின்றேன். அப்பாவும் பேப்பரோடு எழுந்து நின்றார். அம்மா எழுந்திருக்கவில்லை.

“ஏனம்மணி, இதெல்லாம் நமக்கு எதுக்கு?” என்றார் பெரியப்பா.

“எந்திரிக்க முடியலீங்க மாமா. கையெடுத்தா ஒட்டு உட்டுப் போகுமுங்க.” அம்மாவின் குரலில் பணிவுக்கு ஒரு குறையும் இல்லை.

“வேலைய உட்டுப்போட்டு ஊட்டுல இருந்தா என்ன? சோத்துக்கா பஞ்சம்?”

“நாளைக்குக் காலைல ஷிப்டுங்க மாமா. இந்த ஒட்டுப் புடிச்சாப் போதுமுங்க.”

பெரியப்பா நகரவில்லை. ஒட்டுப் பிடித்தால் எழுந்துதானே ஆகவேண்டும் என்று காத்திருந்தாரோ என்னவோ. வெயில் ஏறியது. அம்மாவின் வியர்வை மூக்கு நுனியிலிருந்து டியூபில் சொட்டியது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கால் வலித்தது. கடைசியில் பெரியம்மா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார். அதையே சாக்காக வைத்துக்கொண்டு பெரியப்பா உள்ளே போனார். அதற்குப் பிறகுதான் அம்மா விரலை எடுத்தாள்.

திங்கட்கிழமை டயர் கல்லு மாதிரி இருந்தது. ஆளே இல்லாத தெருவில், சைக்கிள் கடையைத் தாண்டும்வரை அம்மா பெல்லை அடித்துக்கொண்டே போனாள்.

அதன் பிறகு எந்த ஞாயிறு பெரியப்பா வாசலுக்கு வந்தாலும் அம்மாவின் கையில் விடமுடியாத வேலை ஒன்று இருந்தது. செயின் பாதி கழன்றிருக்கும், இல்லையென்றால் பெடல் பிரிந்து கிடக்கும். பாவம் பெரியப்பா, எப்போதும் தப்பான நேரத்திலேயே வந்து நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். உண்மையிலேயே பரிதாபப்பட்டேன்.

இப்போது நானும் கோயம்புத்தூரில் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். ஆபீசில் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். முதல்முறையாக நானே பஞ்சர் ஒட்டியது உக்கடம் குளக்கரையில். அம்மா செய்த மாதிரியே கட்டைவிரல் மரத்துப்போகும்வரை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாளமுடியாமல் அம்மாவுக்குப் போன் போட்டு, இன்னும் எவ்வளவு நேரம் அழுத்தவேண்டும் என்று கேட்டேன்.

“சொலூசன் காஞ்ச பொறகுதான வெச்ச? ஒரு அழுத்து அழுத்துனா அப்பவே புடிச்சுக்கும் கண்ணு.”

கையை எடுத்துப் பார்த்தேன். ஒட்டு அசையவில்லை. அன்று வாசலில் அம்மா போட்ட ஒட்டு, பெரியப்பா வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பிடித்திருக்க வேண்டும்.