பெண் புறப்பட ஒரு வீடு

இந்த நாட்டில் எனக்குத் தொலைபேசியில் கிடைக்கும் மரியாதை வாசற்படியில் கிடைப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை; விந்தையாகவே சொல்கிறேன். காரைக்காலில் என் பாட்டனார் நம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்படுவதாகக் கையொப்பமிட்ட நாளில் எங்கள் குடும்பத்துக்கு பெர்னார் என்னும் பெயரையும் சூட்டிக்கொண்டார். நானோ ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அகராதியையும் பழைய செய்தித்தாள்களையும் துணைகொண்டு நானாகவே கற்ற பிரெஞ்சு என்பதால் அதில் கொச்சை கலக்க வழியில்லாமற் போயிற்று. ஆகவே, தொலைபேசியில் என் குரலைக் கேட்பவர்கள் வெள்ளைத் தாடியும் தங்கப் பித்தான்களும் கொண்ட ஒரு கனவானைக் கற்பனை செய்துகொள்கிறார்கள் போலும். "வாருங்கள் முசியே பெர்னார், வீடு உங்களுக்காகவே காத்திருக்கிறது" என்பார்கள். பேருந்து மாறி, மழையில் நனைந்து, அழைப்பு மணியை அழுத்துவேன். கதவு ஒரு சாண் திறக்கும். என் முகத்தைக் கண்டதும் தலை ஒரு பக்கமாகச் சாயும். "செ தெழா ப்ரி, முசியே." ஏற்கெனவே ஆள் வந்துவிட்டார் என்பது அதன் பொருள். என் காதுக்குள் ஒலித்த அன்பான குரல் அதுதானா என்று ஐயுறும்படி இருக்கும்.

பாரீசுக்கு வந்த புதிதில், எழுபதுகளின் நடுவில், இப்படிப் பல வாசல்களைப் பார்த்த பிறகு நான் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். தொலைபேசியில் எல்லாம் பேசி முடித்ததும், "மதாம், இன்னொரு செய்தி. நான் கறுப்பு நிறத்தவன். புறப்படலாமா, அல்லது பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளட்டுமா?" என்று பணிவாகக் கேட்டுவிடுவேன். சிலர் இருமினார்கள். சிலருக்குத் திடீரென்று தொலைபேசிக் கம்பி அறுந்துபோயிற்று. ஒரு மூதாட்டி மட்டும் சற்று யோசித்துவிட்டு, "அது இருக்கட்டும். நீங்கள் ட்ரோம்பெத் ஊதுவீர்களா? முன்பு இருந்தவன் வெள்ளைக்காரன்தான், பிரெத்தோன்காரன், பொழுது விடியுமுன் ஊதித் தொலைப்பான்" என்றாள். ஊதமாட்டேன் என்று உறுதி கூறினேன். அந்த வீட்டில்தான் இன்றுவரை குடியிருக்கிறேன்.

நான் வேலை பார்த்தது ஒரு மருத்துவமனையின் துணி வெளுக்கும் பிரிவில். அங்கே வண்டி தள்ளிய ழோசெஃப், பிரெஞ்சு ஆட்சியிலுள்ள மார்த்தினிக் தீவைச் சேர்ந்த கறுப்பர். பிரெஞ்சுக் குடியுரிமை அட்டையை அவரும் பிறந்ததிலிருந்தே வைத்திருப்பவர். இருவரையும் மெத்ரோ நிலையத்தில் காவலர்கள் ஒரே நாளில் நிறுத்தி அட்டை கேட்டதில் எங்கள் நட்பு தொடங்கிற்று. என் வழி, முன்கூட்டியே சொல்லிவிடுவது. அவர் வழி வேறு. மின்தூக்கியில் எங்களைக் கண்டு ஓர் அம்மையார் தம் கைப்பையை மார்போடு அணைத்தால், ழோசெஃப் உடனே பேரச்சத்தோடு தம் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு அந்த அம்மையாரையே பார்ப்பார். மூன்றாம் மாடிக்குள் அந்த அம்மையார் சிரித்துவிட்டால் ழோசெஃபும் சிரிப்பார். சிரிக்காவிட்டால் இறங்கும்வரை பையை விடமாட்டார்.

இவ்வாறிருக்கையில் என் மகன் குமரனும் அவர் மகள் சோலான்ழும் மணம் செய்துகொள்ள விரும்பினார்கள். பதிவுத் திருமணம் இங்கே நடந்தது. தாலி கட்டுவது காரைக்காலில், தலத்தெருவில், எங்கள் வீட்டு வாசற்பந்தலில் என்று என் மனைவி அமிர்தம் தீர்மானித்துவிட்டாள். ழோசெஃபுக்கு வர ஆசைதான். ஆனால் வெளுத்த துணிகளுக்கிடையே நின்று என்னை ஒன்று கேட்டார்: "பெர்னார், உன் ஊரில் எங்களை வாசலில் நிறுத்திவிடமாட்டார்களே? என் மகள் அழுதால் நான் சிரித்துச் சமாளிக்கமாட்டேன்." நான் தயங்காமல் வாக்குக் கொடுத்தேன். என் ஊரைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன!

இவ்விடத்தில் நம்மூர் வழக்கத்தை, இந்நாட்டில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்காகச் சொல்லவேண்டும். மாப்பிள்ளை வீட்டில் திருமணம் என்றால் பெண் வீட்டார் வந்து இறங்குவதற்கு அருகிலேயே தனி வீடு அமர்த்துவார்கள். முதல் நாள் மாலை அந்த வீட்டிலிருந்துதான் மேளதாளத்தோடு பெண்ணை அழைத்து வரவேண்டும். பெண் மாப்பிள்ளை வீட்டிலேயே தங்கியிருந்தால் எங்கிருந்து எங்கே அழைப்பது? கூடத்திலிருந்து வாசலுக்கா? ஆகவே வீடு தேடுவதற்காகவே நானும் அமிர்தமும் முன்னதாக ஊருக்குப் போனோம். தலத்தெருவில் கேட்ட இடங்களில் எல்லாம் இனிமையாகவே பேசினார்கள். ஒருவர் வீட்டில் கூரை ஒழுகிற்று. அது மழையே இல்லாத வைகாசி. இன்னொருவர் வீட்டுக்கு மருமகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்றார். அவருக்கு மகனே கிடையாது என்பதை அமிர்தம் வழியில் நினைவுபடுத்தினாள்.

எஞ்சியிருந்தவர் அமிர்தத்தின் தம்பி தட்சிணாமூர்த்தி. பிரெஞ்சுப் படையில் இருந்து, மர்செய் நகரில் சில காலம் வாழ்ந்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் வெள்ளையரின் நிறத்திமிரைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் கோட்டுச்சேரிப் பேருந்து புறப்படுவதைக்கூட மறந்து சனங்கள் கேட்பார்கள். மர்செய்யில் ஒரு முடிதிருத்துபவன் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பி, "இந்த மாதிரி முடியை வெட்ட எனக்குத் தெரியாது" என்று சொன்ன கதையைக் கண்ணீர் வரும்படி சொல்வார். பின்தெருவில் அவருடைய வீடு பூட்டிக் கிடந்தது.

"எடுத்துக்குங்க மச்சான், இதெல்லாம் கேக்கணுமா?" என்றார். "யாரு, பாரீசுக்காரங்களா?"

"மார்த்தினிக்காரங்க மாப்ளே. என்னைவிடக் கறுப்பு. முன்னாடியே சொல்லிடுறேன்."

"கறுப்புன்னா என்ன? நாம மட்டும் வெள்ளையா?" என்று உரக்கச் சிரித்தவர் பாதியில் நிறுத்தினார். "நீக்ரோவா மச்சான்?"

"ஆமா."

"முடி சுருட்டையா, இப்படி…"

"ஆமா. நல்ல சுருட்டை."

"அடடா, அந்த வீட்டுக்கு ஆள் வந்துட்டாங்களே. ஒரு வாத்தியாரு."

"வர்ற வழியிலதான பாத்தேன். பூட்டு தொங்குது."

"சாயங்காலம் வர்றாரு."

"முந்தி அந்த முதல் வீட்டுப் பையன் வெள்ளைக்காரப் பொண்ணக் கட்டுனப்ப நீங்களே கூப்பிட்டுச் சாவி குடுத்தீங்க. வெள்ளையடிச்சுக் குடுத்தீங்க."

"அது வேற மச்சான்."

"என்ன வேற?"

"அவங்க பழகுனவங்க."

"உங்களோடயா?"

"இல்ல… பொதுவா."

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் அந்தக் கோபத்துக்கு ஏற்ற தமிழ்ச் சொல் அந்தக் கணத்தில் அகப்படவில்லை. ஆகவே எழுந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நான் கேட்டுப் பழகிய அதே குரலில், "செ தெழா ப்ரி, முசியே" என்றேன். தட்சிணாமூர்த்தியின் முகம் மாறிற்று. அந்தச் சொற்களை அவரும் மர்செய்யில் எத்தனை வாசல்களில் கேட்டிருப்பார்! "அப்படிச் சொல்லாதீங்க மச்சான்" என்றார் மெதுவாக. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று இரவு நடந்ததையெல்லாம் அமிர்தத்திடம் சொன்னேன். வெள்ளையனிடம் மட்டுமே உள்ள நோய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு சௌகரியமான நினைப்பு! வீடு கேட்டு வருபவரின் ஊரையும் தெருவையும் பாட்டன் பெயரையும் விசாரித்தறிந்த பிறகு "ஆள் வந்துட்டாங்க" என்று சொல்வது நம்மூருக்கு மர்செய்யிலிருந்தா இறக்குமதியாயிற்று? ழோசெஃபுக்குத் தந்தி கொடுத்து வரவேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "சொல்லுங்க. எதுக்குன்னு அவரு கேட்டா, உங்க ஊருல மழ, கூரை ஒழுகுதுன்னு சொல்லிடுங்க" என்று அமிர்தம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை தட்சிணாமூர்த்தியின் மனைவி வேதவல்லி சாவிக்கொத்தோடு வந்து நின்றாள்.

"இந்தாங்கண்ணே. அந்த வீடு எங்கப்பா எனக்குக் குடுத்தது. பத்திரம் எம்பேர்ல இருக்கு. வாத்தியாருமில்ல, ஒருத்தருமில்ல."

"மாப்ள என்ன சொன்னாரு?"

"நீங்க போனதுலேருந்து வாயே தொறக்கல. அதுவும் வீட்டுக்கு நல்லதாத்தான் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு கேக்கணும்ணே, தப்பா நெனைக்காதீங்க" என்றாள்.

கேட்கப்போகும் கேள்விக்கு என்னைத் தயார்படுத்திக்கொண்டு, "கேளும்மா" என்றேன்.

"காலையில அவங்களுக்குக் காபியா, டீயா?"

ழோசெஃபும் அவர் மனைவியும் சோலான்ழும் அவள் தம்பியும் வந்து இறங்கினார்கள். பின்தெருவில் வேலைக்குச் செல்வோர் பலருக்கு அன்று நடை தளர்ந்தது. ஒரு பெரியவர் மிதிவண்டியை நிறுத்தி ழோசெஃபின் தலைமுடியைக் கூர்ந்து பார்த்தார். ழோசெஃபும் குனிந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தப் பெரியவரின் வழுக்கையை அதே அக்கறையோடு பார்த்தார். பெரியவர் வாய்விட்டுச் சிரித்து, "ஆளு சரியான ஆளுதான்!" என்று சொல்லிப் போனார்.

இரண்டாம் நாள் ழோசெஃப் என்னைத் தனியே அழைத்து, "இந்த மதாம் எங்களைப் பற்றி என்னதான் நினைத்திருக்கிறாள்? பார்க்கும்போதெல்லாம் வாயருகே கையைக் கொண்டுபோய் எதையோ கேட்கிறாள். கறுப்பர்கள் எப்போதும் பசியோடு இருப்பவர்கள் என்றா?" என்று கேட்டார். அவர் முகம் இறுகியிருந்தது. அது "சாப்பிட்டீங்களா" என்னும் கேள்வி, உங்கள் 'போன்ழூர்' வணக்கத்துக்கு எங்கள் ஊர் வைத்திருக்கும் மாற்று, என்று விளக்கினேன். மறுநாள் முதல் அவர் வழியில் கண்டவர்களையெல்லாம், தபால்காரர் உட்பட, "சாப்தீங்கிளா" என்று விசாரிக்கத் தொடங்கினார். நமக்கு உறைப்பதெல்லாம் இழிவுபடுத்தல்தானா என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை என்பதை நான் அவரிடமிருந்து கற்றேன். தட்சிணாமூர்த்தி சொன்ன வாத்தியாரைப் போன்ற சாக்குகளுக்கு இது பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தத் தட்சிணாமூர்த்தி, மனைவி அங்கேயே சமைத்துக்கொண்டிருந்தபடியால், சாப்பாட்டை உத்தேசித்து ஒரு மாலை பின்தெருவுக்கு வந்தார். ழோசெஃப் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். பேச்சு எப்படியோ கப்பல்களைப் பற்றிப் போயிற்று. முற்காலத்தில் காரைக்காலிலிருந்து நம் மக்களைக் கரும்பு வெட்டக் கப்பலேற்றி மார்த்தினிக்குக் கொண்டுபோன செய்தியை நாம் அறிவோம். அவர்களின் பேரப்பிள்ளைகள் தம் கிராமத்தில் இருந்ததாக ழோசெஃப் சொன்னார். "அவர்களை 'கூலி' என்றுதான் கூப்பிடுவோம். அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க என் அம்மா எங்களை விட்டதில்லை. இன்று அம்மா இருந்திருந்தால் இந்தக் கல்யாணத்துக்கு வந்திருக்கமாட்டாள்."

"தண்ணீர்கூடவா?" என்று தட்சிணாமூர்த்தி பிரெஞ்சில் கேட்டார்.

"தண்ணீர்கூட."

"நம்ம சனங்களையா?" என்று அவர் தமிழுக்குத் தாவிக் கொதித்தெழுந்தார். "அவ்வளவு எளக்காரமாப் போச்சா நாம? ஏன், நாம குளிக்கிறதில்லையா, நமக்கு மானம் இல்லையா…" பேசிக்கொண்டே வந்தவர் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தார், தம் மனைவியைப் பார்த்தார், உட்கார்ந்துகொண்டார். ழோசெஃப் என்னிடம், "என்ன சொன்னார்?" என்றார். "உங்கள் அம்மாவைக் கோபித்துக்கொண்டார்" என்றேன். "நல்லது. நானும் அம்மாவைக் கோபித்துக்கொண்டதுண்டு" என்றார் ழோசெஃப்.

பெண் அழைப்பு அமர்க்களமாக நடந்தது. ஆற்று மணல் பரப்பிய பந்தலில் எதிரெதிராக இரண்டு ஜமுக்காளங்கள் விரித்திருந்தார்கள். ஒன்று மாப்பிள்ளை வீட்டாருக்கு, மற்றது பெண் வீட்டாருக்கு. தாம்பூலத் தட்டு மாற்றும் நேரம் வந்தது. எங்கள் பக்கத்தில் முழங்காலை மடக்க இடமில்லை. எதிர்ப்பக்கத்து நீண்ட ஜமுக்காளத்தில், புது வேட்டியின்மேல் தோல்வார் கட்டிய ழோசெஃபும் மனைவி மக்களும் மட்டும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். பிந்தி வந்தவர்கள் பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்களே தவிர, அந்தப் பக்கம் ஒருவரும் உட்காரவில்லை. சோலான்ழ் காலியான விரிப்பையும் பிறகு என்னையும் பார்த்தாள். நானோ மாப்பிள்ளையின் தகப்பன். அந்தப் பக்கம் போய் உட்கார முறையில்லை.

வேதவல்லி அடுப்படியிலிருந்து வந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நேரே போய் சோலான்ழின் பக்கத்தில் அமர்ந்தாள்.

"என்ன பாக்குறீங்க எல்லாரும்? பொண்ணு எந்த வீட்டுலேருந்து கெளம்புச்சு? எங்க வீட்டுலேருந்து. அப்ப நான் பொண்ணு வீடு." பிறகு எங்கள் கூட்டத்தை நோக்கி, "ஏங்க, நான் இங்கன்னா நீங்க அங்க என்ன பண்றீங்க?" என்றாள்.

தட்சிணாமூர்த்தி எழுந்தார். அந்தச் சிறு தூரத்தை அவர் நடந்த நடையில் மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திப் பார்த்தார். ழோசெஃபின் அருகில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துச் சுற்றுமுற்றும் நோக்கினார். அவருக்குப் பின்னால் வேதவல்லியின் உறவினர் நாலைந்து பேர் வந்தார்கள். மிதிவண்டிப் பெரியவரும் வந்தார். நின்றவர்களில் பாதிப் பேருக்குத் திடீரென்று கால் வலித்தது. அவ்வளவுதான், தட்சிணாமூர்த்திக்குப் பெண் வீட்டாருக்குரிய சினமும் வந்துவிட்டது.

"என்ன மச்சான், வந்து எம்மா நேரமாச்சு? எங்க பக்கம் காபி வந்துச்சா? பொண்ணு வீட்டுக்காரங்கன்னா அவ்வளவு எளப்பமா உங்களுக்கு?"

"வருது மாப்ளே, வருது."

"வருதுன்னா? மொதல்ல எங்க மாமனுக்குக் குடுங்க!" என்று ழோசெஃபைக் காட்டினார். ழோசெஃப் ஒன்றும் விளங்காமல், "சாப்தீங்கிளா?" என்று பந்தல் முழுவதையும் பொதுவாக விசாரித்தார்.

நான் தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அங்கே, பாரீசில், நானும் ழோசெஃபும் ஒரே பக்கம். எங்கள் இருவரையும் எதிரே வைத்துத்தான் பார்ப்பார்கள். இங்கே முறைப்படி அவர் எதிர்ப்பக்கம், அவரருகில் என் மைத்துனர். இரண்டு ஜமுக்காளங்களுக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்கு வெறும் மணல் இருந்தது. தட்டோடு அங்கே வந்து நின்றவன், இதைக் கொடுத்துவிட்டு எந்தப் பக்கம் போய் உட்காருவது என்று ஒரு கணம் யோசித்து நின்றுவிட்டேன். இருபக்கமும் சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். காலுக்கடியில் மணல் குளிர்ச்சியாக இருந்தது.